மீன் வருமுன் ஒரு மண்டலம்

மும்பையில் புது ஃபிளாட் வாங்குகிறவர்கள் ஹாலில் ஒரு மீன் தொட்டி வைப்பது இப்போது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. வாஸ்துவுக்கு நல்லது என்று சிலர், குழந்தைகள் கேட்டார்கள் என்று சிலர், சோபாவுக்கு எதிரே எடுப்பாக இருக்கும் என்று சிலர். முன்பெல்லாம் கோல்டு ஃபிஷ், கப்பி, ஏஞ்சல் என்று நன்னீர் மீன்களோடு நின்றுவிடுவார்கள். இப்போது கொஞ்சம் வசதி உள்ளவர்கள் கடல்நீர்த் தொட்டிக்குத் தாவியிருக்கிறார்கள். 2003-இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தைப் பார்த்திராத குழந்தைக்கும், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த மீனின் பெயர் நீமோதான். கடைக்காரர்களும் அப்படியே சொல்லித்தான் விற்கிறார்கள். கிளவுன் ஃபிஷ் என்று கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

தொட்டி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒன்று வைத்துப் பராமரித்து வருகிறேன். என் ஆட்சேபமெல்லாம் தொட்டியும் மீனும் ஒரே பில்லில் வருவதைப் பற்றித்தான். கண்ணாடித் தொட்டி, ஸ்டாண்டு, மோட்டார், விளக்கு, உப்புப் பை, கூடவே பாலிதீன் பைகளில் ஆறு மீன். சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் நிரப்பி உப்பைக் கரைக்கிறார்கள். ஞாயிறு காலை மீனை விடுகிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் பார்த்து மகிழ்கிறார்கள். அடுத்த ஞாயிறுக்குள் மூன்று மீன் மிதக்கிறது. மீன் வளர்ப்பது நமக்கு ராசியில்லை என்கிறார் வீட்டுக்காரர். கண் பட்டுவிட்டது என்கிறார் பாட்டி. கடைக்காரர், வேறு மீன் எடுத்துக்கொண்டு போங்கள் சார் என்கிறார்.

பெரும்பாலான வீடுகளில் கண்ணும் காரணமில்லை, ராசியும் காரணமில்லை. காரணம் அம்மோனியா. நாம் உடம்பின் நைட்ரஜன் கழிவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறோம். மீன் அதைப் பெரும்பாலும் அம்மோனியாவாகவே செவுள் வழியே தண்ணீரில் விட்டுவிடுகிறது. தின்னாமல் கீழே விழுந்த தீனியும் அழுகி அதே அம்மோனியாவாகிறது. கடலில் இது ஒரு பொருட்டல்ல. இருநூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அது எங்கே போகும்? தான் கழித்ததையே மீன் மறுபடி சுவாசிக்கிறது. செவுள் வெந்துபோகிறது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிற மீனைப் பார்த்து, பசிக்கிறது போலிருக்கிறது என்று இன்னும் ஒரு சிட்டிகை தீனி போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இதற்கு இயற்கையில் ஏற்பாடு இருக்கிறது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது. அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1890 வாக்கில் இந்த நுண்ணுயிர்களை மண்ணிலிருந்து தனியே பிரித்து, அவை செய்யும் வேலையை நிரூபித்தார். நகரங்களின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் அம்மோனியாவைப் போக்குவது இதே கூட்டம்தான். இவை தண்ணீரில் மிதந்து திரிவதைவிட, கல், மணல், ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சு, பீங்கான் வளையம் இவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்வதே அதிகம். இது முக்கியமான விஷயம். பின்னால் மறுபடி வரும்.

சங்கடம் என்னவென்றால் இவை மிக மெதுவாகப் பெருகுபவை. ராத்திரி உறை ஊற்றினால் காலையில் தயிர் என்று பார்த்துப் பழகியவர்கள் நாம். தயிரில் உள்ள பாக்டீரியா சாதகமான சூட்டில் ஒரு மணிக்குள் இரட்டிப்பாகிவிடும். தொட்டிக்கு வேண்டிய பாக்டீரியாவுக்கு ஒரு முறை இரட்டிப்பாகவே அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். அதிலும் இரண்டாவது வகைக்கு, முதல் வகை வேலையைத் தொடங்கி நைட்ரைட் உண்டான பிறகுதான் சாப்பாடே கிடைக்கிறது. ஆகவே புதுத் தொட்டி பக்குவப்பட நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம் ஆகிறது. கடல்நீரில் சில சமயம் இன்னும் சில நாள் கூடும். அதற்கு முன் மீனை விடுவது, உறை ஊற்றாத பாலைக் காலையில் தயிர்சாதத்துக்குப் பிசைவது மாதிரி. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறதே என்பார்கள். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவில் இருந்தாலும் நம் மூக்குக்கு வாசனைகூடத் தெரியாது.

நன்னீர்த் தொட்டியிலும் இதே கதைதானே, அங்கே எத்தனையோ பேர் அன்றே மீன் விட்டு ஓட்டிவிடுகிறார்களே என்று கேட்கலாம். கடல்நீரில் நிலைமை பல மடங்கு கடுமை. அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவங்களில் இருக்கும். ஒன்று மிகுந்த விஷம், மற்றது அவ்வளவு இல்லை. எந்த உருவம் எவ்வளவு என்பதைத் தண்ணீரின் காரத்தன்மை தீர்மானிக்கிறது. பி.எச். 7 உள்ள நன்னீரில் விஷ உருவம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால் அதே அம்மோனியாவில் விஷப் பங்கு பத்து மடங்குக்குக் குறையாமல் கூடிவிடுகிறது. மேலும், ஒரே வெப்பநிலையில் உப்பு நீர் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும். நைட்ரைட் விஷயத்தில் மட்டும் உப்பு நீருக்கு ஒரு சலுகை உண்டு. அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஏறுவதைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. மூன்றாவதாக, மீனின் பிறப்பையும் பார்க்க வேண்டும். ஏரி மீனும் குட்டை மீனும் மழைக்காலக் கலங்கலையும் கோடைக்கால வற்றலையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவை. பவளப்பாறை மீன் வாழ்கிற தண்ணீரில் உப்பும் சூடும் வருஷம் முழுவதும் அதிகம் மாறுவதில்லை. அதற்குத் திடீர் மாற்றம் தாங்காது.

என் தொழில் ரயில் பாதை. ஜல்லியை எடுத்துச் சலித்துப் போட்ட பாதையில் முதல் நாளே எக்ஸ்பிரஸை நூறு கிலோமீட்டர் வேகத்தில் எந்த எஞ்சினியரும் விடமாட்டார். காஷன் ஆர்டர் கொடுத்து, பலகை நட்டு, இருபது கிலோமீட்டரில் ஆரம்பிப்போம். வண்டி ஓட ஓட ஜல்லி இறுகும். மறுபடி பேக்கிங் செய்வோம், வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுவோம், மறுபடி பார்ப்போம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வண்டியே விடாமல் பாதையைச் சும்மா போட்டு வைத்தால் ஜல்லி தானாக இறுகிவிடாது. அளவான பாரம் ஏறினால்தான் பாதை பாரம் தாங்கும் நிலைக்கு வரும். தொட்டியும் அப்படியே. சில அன்பர்கள், பொறுமையாக ஒரு மாதம் காத்திருந்தோம் சார், அப்படியும் மீன் போய்விட்டது என்கிறார்கள். அந்த ஒரு மாதம் தொட்டிக்குள் என்ன போட்டீர்கள் என்றால், ஒன்றுமில்லை, மோட்டார் மட்டும் ஓடியது என்கிறார்கள். அம்மோனியாவே இல்லாத தண்ணீரில் பாக்டீரியா எதைத் தின்று பெருகும்?

பாரம் கொடுப்பதற்குத்தான் முதலில் இரண்டு டாம்செல் போடுங்கள் என்று சில கடைக்காரர்கள் சொல்கிறார்கள். டாம்செல் என்பது நீல நிறத்தில் சின்னதாக இருக்கும் மீன். விலை குறைவு, முரட்டு உடம்பு. பழைய புத்தகங்களிலும் இந்த யோசனை உண்டு. எனக்கு இது ஒப்பவில்லை. அம்மோனியா ஏறி இறங்கும் வாரங்கள் முழுவதும் அந்த மீன் செவுள் எரிய உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பலசாலி என்பதால் அதற்கு வலி குறைவு என்று யார் சொன்னார்கள்? பிழைத்துவிட்டாலும் தொல்லைதான். முதலில் வந்த டாம்செல் முழுத் தொட்டியையும் தன் பட்டா நிலமாக நினைத்துக்கொண்டு, பின்னால் வருகிற நீமோவைக் கடித்து மூலையில் ஒடுக்கிவிடும்.

மீனைப் பலியிடாமலே பாரம் கொடுக்கலாம். மார்க்கெட்டில் வாங்கிய ஒரு இறாலை வலைத்துணியில் கட்டித் தொட்டியில் போட்டுவிட்டால் அது அழுகி அம்மோனியா தரும். சைவ வீடுகளில் இதைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள், வாடையும் வரும். அதைவிடச் சுத்தமான வழி அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஒரு சிட்டிகை போட்டுப் புகை கிளப்புவாரே, அந்த நவச்சாரம்தான் இது. ஆனால் கடைத்தெருச் சரக்கு வேண்டாம்; ரசாயனக் கடையில் சுத்தமானதாகக் கேட்டு வாங்க வேண்டும். 100 லிட்டருக்கு ஏறக்குறைய 0.6 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். அதற்கு மேல் போடுவதால் வேகம் கூடாது. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. அம்மோனியாவுக்கு ஒன்று, நைட்ரைட்டுக்கு ஒன்று, நைட்ரேட்டுக்கு ஒன்று. முதல் பத்து நாள் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். அது எப்போது இறங்கும் என்று சலித்துப்போகும் சமயத்தில் ஒரு நாள் இறங்கும். அம்மோனியா பூஜ்யமாகும்போதெல்லாம் மறுபடி கொஞ்சம் நவச்சாரம் போட்டுக்கொண்டு வர வேண்டும். போட்ட 2 மில்லிகிராம் 24 மணி நேரத்துக்குள் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யமாக நின்றால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு முதல் மீனை விடலாம். ஒன்று, அல்லது ஒரு ஜோடி. அடுத்ததற்கு இரண்டு வாரம் கழித்து. பாக்டீரியா இருக்கிற சாப்பாட்டுக்குத் தக்கபடிதான் இருக்கும். ஒரே நாளில் ஆறு மீன் வந்தால் அதற்கும் திண்டாட்டம்தான்.

உப்பு விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் அதற்கென்று விற்கும் கடலுப்புக் கலவை, ஒப்படர்த்தி 1.025 பக்கம் நிற்க வேண்டும். தண்ணீர் ஆவியானால் உப்பு உள்ளேயே தங்கிவிடும், ஆகையால் குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். ஜுஹுவிலிருந்து கேனில் பிடித்து வரலாமே என்று கேட்கிறவர்களுக்கு, அங்கே கடலில் எதெல்லாம் கலக்கிறது என்று மும்பைவாசிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

எங்கள் கட்டடத்தில் ஒரு குடும்பம். பெண் குழந்தைக்கு ஏழு வயது. பிறந்த நாளுக்கென்று கடல்நீர்த் தொட்டி வந்தது, அன்றே இரண்டு நீமோவும் நாலு வேறு மீனும். ஐந்தாம் நாள் ஒரு நீமோ போயிற்று. கடையில் ஃபோனில் கேட்டிருக்கிறார்கள். முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள், ஃபில்டரை நன்றாகக் கழுவுங்கள் என்று பதில். குழாய்த் தண்ணீரில் கழுவினார்கள். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. பஞ்சிலும் வளையத்திலும் அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருந்த கொஞ்சநஞ்ச பாக்டீரியாவும் அதோடு போயிற்று. மறுபடி புது மீன், மறுபடி சாவு. மூன்று மாதத்தில் இப்படி மூன்று தடவை. நான் என் கிட்டைக் கொண்டுபோய்ச் சோதித்தபோது அம்மோனியாக் குழாய் கரும்பச்சையாக மாறியது. அப்பாவிடம் காட்டினேன். “கடைக்காரர் இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கார் சார், அவருக்குத் தெரியாதா?” என்றார். தெரியாமலிருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். செத்த மீனுக்குப் பதிலாகப் புது மீன் வாங்கும் வாடிக்கைக்காரர், தொட்டி வாங்கிவிட்டு ஒன்றரை மாதம் கடைப் பக்கம் வராத வாடிக்கைக்காரரைவிட லாபம். அந்தக் குழந்தை என்னிடம் கேட்டது வேறு: “தாத்தா, இந்தத் தடவை வாங்கினா இது செத்துப்போகாதில்ல?” பிளாஸ்டிக் பையில் மீனைக் கட்டிக் கொடுக்கிறவருக்கு இந்தக் கேள்வி கேட்பதில்லை.

வீட்டுக்காரர் நஷ்டப்படுவது அவர் பணம். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறிடத்தில் நடக்கிறது. நன்னீர் அலங்கார மீன்கள் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. சென்னை கொளத்தூர்ப் பக்கம் போனால் தெருத்தெருவாக இந்தத் தொழிலைப் பார்க்கலாம். கடல் மீன்களில் பெரும்பான்மை இன்னும் பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வந்தவையே. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் அறுபதுகளிலிருந்து உண்டு. அதில் பவளமும் சாகிறது, பிடிபட்ட மீனும் பின்னால் பலவீனப்படுகிறது. அத்தனையும் தப்பி, பையில் கட்டி விமானமேறி மும்பை வரை வந்த மீன், ஒரு வாரத்தில் ஹாலில் செத்தால் அதன் இடத்துக்கு இன்னொன்று பாறையிலிருந்து வர வேண்டும். நம் மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டு வந்தார்கள். ஆகவே, தொட்டி சீக்கிரம் பக்குவப்படும் என்று சொல்லிக் கடைக்காரர் கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லை நீட்டினால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது நம் கடமை. செயற்கைக் கல்லே போதும். பாக்டீரியா ஜாதி பார்க்காமல் ஒட்டிக்கொள்ளும்.

2017 மே மாதத்தில் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கென்று விதிகள் வெளியிட்டது. 158 வகை மீன்களை விற்கக்கூடாது, காட்டக்கூடாது என்று பட்டியல் போட்டார்கள். வியாபாரிகள் எதிர்த்தார்கள், சில மாதங்களில் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. பட்டியல் போட்டுத் தடுப்பதில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை. தடை செய்தால் சந்தில் விற்பார்கள். என்னைக் கேட்டால் ஒரே ஒரு விதி போதும்: புதுத் தொட்டி வாங்கிய பில்லின் தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் அந்த வாடிக்கைக்காரருக்குக் கடல் மீன் விற்கக்கூடாது, அதன் பிறகும் அவர் தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டு வந்து சோதித்துக் காட்டிய பிறகே விற்க வேண்டும். தண்ணீர் சோதிக்கக் கடைக்காரர் காசு வாங்கிக்கொள்ளட்டும், அதில் தப்பில்லை. சட்டம் வரும்வரை வாங்குகிறவர் நாமே இதைக் கடைப்பிடிக்கலாம். மீனும் பண்ணையில் பிறந்ததாகக் கேட்டு வாங்கலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் நீமோ வகைகளைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையைக் கண்டு செய்து காட்டியிருக்கிறார்கள். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த குஞ்சு, பாறையிலிருந்து பிடித்ததைவிடத் தீனியும் சுலபமாக எடுக்கும்.

பாட்டிலில் அடைத்த பாக்டீரியா கிடைக்கிறதே, அதை ஊற்றினால் அன்றே மீன் விடலாம் என்று எழுதியிருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். நல்ல சரக்காக இருந்தால் நாட்களைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்த வகை பாக்டீரியா விதைபோல உறங்கிக் கிடக்கத் தெரியாதது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மே மாத வெயிலில் எத்தனை நாள் கிடந்ததோ, அந்தப் பாட்டிலில் உயிர் எவ்வளவு மிச்சம் என்று லேபிள் சொல்லாது. ஊற்றிவிட்டும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆறு வாரம் வெறும் தொட்டியை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. கும்பாபிஷேகம் ஆன கோயிலில் 48 நாள் மண்டல பூஜை நடத்துகிறோமே. அன்றோடு முடிந்தது என்று யாரும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. கிரகப்பிரவேச முகூர்த்தத்தில் தண்ணீரை நிரப்பி விளக்கேற்றிக்கொள்ளுங்கள். மீன் மண்டல முடிவில் வரட்டும். வாஸ்துவில் இதற்கு இடமில்லை என்று எந்த வாஸ்துக்காரரும் என்னிடம் சொன்னதில்லை. குழந்தைகளிடம் டெஸ்ட் கிட்டைக் கொடுத்துத் தினம் நிறம் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நடுவில் மணலின் மேல் பழுப்பாக ஒரு படலம் வரும். அது ஒரு வகைப் பாசி, தானே போய்விடும், பயப்பட வேண்டாம்.

அவசரக்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நல்ல தொட்டியின் ஃபில்டரிலிருந்து ஒரு கை வளையங்களை எடுத்துப் புதுத் தொட்டியின் ஃபில்டரில் போடுவது; உறை மோர் வாங்குகிற மாதிரி. மூன்று வாரத்திலேயே தயாரான தொட்டிகள் உண்டு. கொடுக்கும் தொட்டியில் மீன்கள் நோயில்லாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. என் ஃபில்டரில் இதற்கென்றே கொஞ்சம் வளையங்களை உபரியாகப் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் எனக்குத் தெரிவிப்பார்கள். மூடி போட்ட டப்பா ஒன்று கொண்டு வாருங்கள். என் தொட்டித் தண்ணீரையே பாதி ஊற்றித் தருகிறேன், மூடிக்குக் கீழே காற்றும் இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலை வருவது உத்தமம். மெகா பிளாக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.